ஸ்ட்ரையேட்டம் ஒன்றா, இரண்டா, நான்கா?

காரைக்குடியில் விலங்கியல் முதுகலை படிக்கும் தம்பி ஒருவர் நீளமாகக் கேட்டிருந்தார். மூளையின் ஆழத்தில், அசைவிலும் பழக்கத்திலும் ஊக்கத்திலும் பங்கெடுக்கும் சாம்பல் திசுதான் ஸ்ட்ரையேட்டம். கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவு: மனித மூளைப் படத்தில் அது காடேட், புட்டாமென் என்று இரண்டு தனித்தனித் திரட்சிகள் இருக்கின்றன, ஆய்வகத்தில் எலி மூளையை வெட்டினால் ஒன்றுதான் தெரிகிறது. ஒரு நூல் ஸ்ட்ரையேட்டத்தை மேல், கீழ் என்று பிரிக்கிறது. இன்னொன்று ஸ்ட்ரையோசோம், மேட்ரிக்ஸ் என்கிறது. மூன்றாவது டி1, டி2 என்கிறது. இதில் எதற்குள் எது அடங்கும்? கடைசியில் வீட்டு விஷயம் ஒன்றும் கேட்டிருக்கிறார். ஐயாவுக்குப் பார்க்கின்சன் நோய். வளவிலிருந்து வெளியே வரும் நிலைப்படியில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறவர், முகப்பில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் மட்டும் ஓரளவு நன்றாக நடக்கிறார், அது ஏன்? அவருக்குப் பூனைக்காலிப் பொடி கொடுக்கலாமா?

தம்பி, முதல் கேள்விக்குப் பதில்: காடேட்டும் புட்டாமெனும் சேர்ந்து மேல் பகுதி ஆவதைத் தவிர, எதுவும் எதற்குள்ளும் அடங்காது. ஒரே திசுவை நான்கு பேர் நான்கு விதமாகக் கூறு போட்டிருக்கிறார்கள். நம் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று தெருவாசலிலிருந்து பின்வாசல் வரை ஒரு கணக்கு. எந்த அறை எந்தப் புள்ளிக்கு, அதாவது எந்தக் குடும்பத்துக்கு என்று பங்காளிகளுக்குள் இன்னொரு கணக்கு. ஒன்றைத் தெரிந்துகொண்டு மற்றதை ஊகிக்க முடியாது. ஸ்ட்ரையேட்டமும் அப்படித்தான். பாடநூல்கள் இதை ஒரே வரியில் சொல்லியிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

கண்ணுக்குத் தெரியும் பிரிவிலிருந்து தொடங்குவோம். மனித மூளையில் காடேட், பக்கவாட்டு வென்ட்ரிக்கிள் என்ற நீர் நிறைந்த அறையின் ஓரமாகவே வளைந்து போகும். முன்னால் பருத்த தலை, நடுவில் உடல், பிறகு பின்பக்கம் சுற்றிக் கீழிறங்கி டெம்போரல் மடலுக்குள் முன்னோக்கி வந்து, அமிக்டலாவுக்குப் பக்கத்தில் முடியும் மெல்லிய வால். புட்டாமென் அதற்கு வெளிப்பக்கம், தட்டையான பருத்த திரட்சி. இரண்டுக்கும் நடுவே இன்டர்னல் கேப்ஸ்யூல் என்ற வெள்ளை நரம்பிழைக் கற்றை. மூளையின் மேலடுக்கான புறணியிலிருந்து கீழே இறங்குவதும், நடுவிலுள்ள தாலமஸ் என்ற அஞ்சல் நிலையத்திலிருந்து மேலே ஏறுவதும் பெரும்பாலும் இதன் வழியேதான். ஆனால் இந்தக் கற்றை இரண்டையும் முழுதாக அறுத்துவிடவில்லை. குறுக்கே சாம்பல் நிறப் பாலங்கள் ஓடுகின்றன. அந்த வரிவரியான தோற்றத்தைப் பார்த்துத்தான் 1664இல் தாமஸ் வில்லிஸ் இதற்குப் பெயர் வைத்தார். முன்பக்கம் கீழே போனால் கற்றையே இல்லை. காடேட் தலையும் புட்டாமெனும் அங்கே ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

எலியிலும் சுண்டெலியிலும் அதே இழைகள் உண்டு. ஒரே தகடாகச் சேர்ந்து போகாமல், சின்னச் சின்னக் கட்டுகளாகப் பிரிந்து சாம்பல் திசுவை ஆங்காங்கே துளைத்துக்கொண்டு போகின்றன. அதனால் பிரிகோடு விழவில்லை. அங்கே முழுதையும் சேர்த்துக் காடேட்டோபுட்டாமென் என்கிறார்கள். வரும் இணைப்புகளை வைத்துப் பார்த்தால் எலியின் மேல்-உள் பகுதி ஏறக்குறைய நம் காடேட்டுக்கும், மேல்-வெளிப் பகுதி புட்டாமெனுக்கும் பொருந்தும். ஆக, எலியில் ஏதோ ஒன்று குறைகிறது என்று எண்ண வேண்டாம். வழியே போகும் கம்பிகள் கட்டப்பட்ட விதம்தான் வேறு. காடேட், புட்டாமென் இரண்டுக்கும் செல்வகைகள் ஒன்றே, கருவில் பிறந்த இடமும் ஒன்றே. முன்மூளையின் அடிச்சுவரில் புடைக்கும் பக்கவாட்டு கேங்ளியானிக் மேட்டிலிருந்து வெளியே செய்தி அனுப்பும் நெடுந்தூரச் செல்கள் வருகின்றன. அதற்குப் பக்கத்திலுள்ள நடுமேட்டிலிருந்து உள்ளுக்குள்ளேயே செய்தி பரிமாறும் இடைச்செல்களில் பெரும்பகுதி நகர்ந்து வந்து சேர்கிறது. இந்த மேடுகளைக் கண்ணால் பார்க்க ஆசை இருந்தால், ஐஐடி மெட்ராஸின் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தரணி’ என்ற மனிதக் கருமூளை வரைபடத் தொகுப்பைப் பாருங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. புட்டாமெனும் அதற்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் குளோபஸ் பாலிடஸும் சேர்ந்து ஒரே பருப்பு வடிவமாகத் தெரிவதால் பழைய நூல்கள் இரண்டையும் ஒரே பெயரில் அடக்கின. ஒட்டியிருப்பதெல்லாம் உறவு ஆகாது. பாலிடஸின் செல்கள் வேறு, பிறப்பு வேறு, வேலையும் வேறு. அது ஸ்ட்ரையேட்டத்தின் பேச்சைக் கேட்டு நடக்கும் இடம். தள்ளி இருக்கும் காடேட்தான் புட்டாமெனின் கூடப்பிறந்தது.

எலி மூளையில் திருப்தி வராவிட்டால் ஆட்டு மூளையை வெட்டிப் பாருங்கள். மிளகு போட்டு வறுப்பதற்கென்றே கறிக்கடையில் முழுதாகக் கிடைக்கும். கல்லூரி ஆய்வகத்தில் ஃபார்மலினில் ஊறவைத்துக் கெட்டியாக்கிவிட்டு (வீட்டில் வேண்டாம், அந்த ஆவி கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆகாது), நெற்றிக்கு இணையாகத் துண்டு போடுங்கள். வென்ட்ரிக்கிளுக்குள் புடைத்து நிற்பது காடேட் தலை. அடுத்து வெள்ளைக் கற்றை, அதற்கு வெளியே புட்டாமென். பாடநூலில் பத்துப் படம் பார்ப்பதைவிட இது மனதில் நிற்கும்.

இந்தப் பிரிவை ரத்தக் குழாய்களும் மதிப்பதில்லை. நடுப் பெருமூளைத் தமனியிலிருந்து செங்குத்தாகக் கிளம்பும் நூல் போன்ற தமனிகள் புட்டாமென், இன்டர்னல் கேப்ஸ்யூல், காடேட் மூன்றுக்கும் சேர்த்தே ரத்தம் தருகின்றன. ரத்த அழுத்தம் வருடக்கணக்காகக் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு மூளைக்குள் ரத்தம் கசிவது இந்தப் பகுதியில்தான் மிகுதி. பக்கத்திலிருக்கும் கற்றை நசுங்குவதால் எதிர்ப்பக்கக் கையும் காலும் விழுந்துவிடுகின்றன.

அடுத்தது மேல், கீழ் என்ற பிரிவு. காடேட்டும் புட்டாமெனும் மேல் ஸ்ட்ரையேட்டம். நியூக்ளியஸ் அக்கும்பென்ஸும் ஆல்ஃபேக்டரி டியூபர்கிளும் கீழ் ஸ்ட்ரையேட்டம். 1975இல் ஹைமரும் வில்சனும் எடுத்துக்காட்டும்வரை இந்தக் கீழ்ப்பகுதியை வாசனைக்கான இடம் என்றே பலர் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவர்கள் இணைப்புகளைத் தொடர்ந்து போய்ப் பார்த்தபோது அங்கேயும் அதே அமைப்புத்தான் இருந்தது: புறணியிலிருந்து வரவு, பாலிடஸின் கீழ்ப்பகுதிக்குச் செலவு. அக்கும்பென்ஸுக்குள்ளேயே நடுப்பகுதி, ஓட்டுப்பகுதி என்று இரண்டு உண்டு. நடுப்பகுதி மேல் ஸ்ட்ரையேட்டத்தைப் போலவே இருக்கும், ஓட்டுப்பகுதி ஹைபோதலாமஸோடு நெருக்கம் அதிகம். ஹிப்போகேம்பஸ், அமிக்டலா, முன்மூளையின் உள்பக்கப் புறணி ஆகியவற்றிலிருந்து வரும் இழைகள் இங்கே குவிகின்றன. மேலுக்கும் கீழுக்கும் நடுவே கோடு கிழித்த எல்லை மட்டும் கிடையாது. நுண்ணோக்கியில் ஒன்று மற்றதுக்குள் கரைந்து போகும்.

சரி, உள்ளே இருக்கும் செல்களுக்கு வருவோம். எலியில் ஸ்ட்ரையேட்டச் செல்களில் சுமார் 95 சதவீதம் ஒரே வகை: நடுத்தர அளவு, கிளை முழுதும் முள் முளைத்தது, காபா என்ற வேதிப்பொருளைச் சுரந்து அடுத்த செல்லை அடக்குவது. குரங்கிலும் மனிதரிலும் இடைச்செல்களின் பங்கு கூடுதல் என்றாலும் பெரும்பான்மை இந்த முள்செல்தான். வெளியே செய்தி அனுப்புவது இது மட்டுமே. இடைச்செல்களில் பெரிய உருவம் கொண்ட அசிட்டைல்கோலின் செல்கள் ஓரிரண்டு சதவீதம்தான். ஆனால் அவற்றின் கிளைகள் எட்டாத மூலை இல்லை. பார்வால்புமின் வகை, சொமாட்டோஸ்டாட்டின் வகை என்று வேறு சிலவும் உண்டு.

முள்செல்லின் முள் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். முள்ளின் தலையில் புறணியிலிருந்து வந்த இழை குளூட்டமேட் என்ற தூண்டும் வேதிப்பொருளோடு தொடுகிறது. அதே முள்ளின் கழுத்தில் டோபமைன் என்ற வேதிப்பொருளை வெளிவிடும் இழை தொடுவதை 1984இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டினார்கள். புறணி ‘இது நடந்தது’ என்று சொல்லும் இடத்துக்குப் பக்கத்திலேயே ‘இது லாபமா’ என்ற செய்தியும் வந்து சேர்கிறது. கற்றல் நடக்க இதைவிட வசதியான இடம் மூளையில் வேறெங்கும் இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இப்போது ஸ்ட்ரையோசோம். சாதாரணச் சாயத்தில் ஸ்ட்ரையேட்டம் முழுவதும் ஒரே மாதிரிதான் தெரியும். புறணிக்கு அடுக்கு இருக்கிறது, சிறுமூளைக்கு அடுக்கு இருக்கிறது, இதற்கு ஒன்றுமே இல்லையே என்று அலுத்துப்போன காலம் ஒன்று இருந்தது. 1978இல் ஆன் கிரேபியலும் கிளிஃப்டன் ராக்ஸ்டேலும் மனிதன், குரங்கு, பூனை மூன்றின் மூளைத் துண்டுகளிலும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதிக்குச் சாயமேற்றினார்கள். கருத்த பரப்பில் வெளிறிய தீவுகள் தெரிந்தன. தீவுகளுக்கு ஸ்ட்ரையோசோம் என்று பெயர். சுற்றியுள்ள கருத்த பரப்பு மேட்ரிக்ஸ். எலியில் இந்த நொதிச்சாயம் அவ்வளவு தெளிவாகப் பிடிக்காது. அங்கே மியூ ஓபியாய்டு ஏற்பியை (வேதிச்செய்தியை வாங்கும் புரதம்) வைத்துத்தான் தீவுகளை அடையாளம் கண்டார்கள், ‘பேட்ச்’ என்று பெயர் வைத்தார்கள். உங்கள் நூல்களில் இரண்டு பெயர் இருப்பதற்குக் காரணம் இதுதான், பொருள் ஒன்றே.

தீவு என்பதும் துண்டில் பார்ப்பதால் வரும் தோற்றம். பல துண்டுகளை அடுக்கிப் பார்த்தால் ஒன்றோடொன்று கைகோத்த சிக்கலான வலையாக இருக்கும். மொத்தப் பருமனில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம்தான் இது. கருவில் ஸ்ட்ரையோசோம் செல்கள் முதலில் பிறக்கின்றன, மேட்ரிக்ஸ் செல்கள் அப்புறம். வளர்ந்த பிறகும் முள்செல்லின் கிளைகள் பெரும்பாலும் எல்லையைத் தாண்டுவதில்லை. தீவுச் செல் தீவுக்குள்ளேயே கிளை விரிக்கும். வரவும் வேறு. மேட்ரிக்ஸுக்கு உணர்வு, இயக்கப் புறணிகளின் இழைகள் நிறைய வரும். ஸ்ட்ரையோசோமுக்கு ஆர்பிட்டோஃபிரண்டல், முன் சிங்குலேட் போன்ற, உணர்ச்சியையும் மதிப்பையும் எடைபோடும் பகுதிகளிலிருந்து கூடுதலாக வரும். செலவில்தான் முக்கியமான வித்தியாசம்: ஸ்ட்ரையோசோம் செல்கள் நடுமூளையின் சப்ஸ்டான்ஷியா நைக்ராவிலுள்ள டோபமைன் செல்களையே நேராகத் தொடுகின்றன. டோபமைனை வாங்கும் இடம், அதைத் தருகிற செல்லின் வாயையே பொத்த முடிகிறது. மேட்ரிக்ஸுக்கு இந்தச் சலுகை குறைவு.

இதே தீவுகள் காடேட்டிலும் உண்டு, புட்டாமெனிலும் உண்டு. கீழ் ஸ்ட்ரையேட்டத்தில் இந்த ஒழுங்கு குழம்பிவிடுகிறது. அங்கே வேதிக்குறிகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.

டி1, டி2 என்பவை டோபமைன் ஏற்பியின் இரண்டு வகைகள். இந்தப் பிரிவு இடத்தைப் பொறுத்ததே இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு முள்செல்களில் ஒன்று டி1 ஆகவும் மற்றது டி2 ஆகவும் இருக்கும். ஏறக்குறைய பாதிப்பாதி, இரண்டு ஏற்பியும் கொண்டவை கொஞ்சம். ஸ்ட்ரையோசோமிலும் இரண்டு வகை, மேட்ரிக்ஸிலும் இரண்டு வகை. 1990இல் கெர்ஃபனும் குழுவினரும் காட்டியது: டி1 செல்களில் சப்ஸ்டன்ஸ் பி, டைனார்ஃபின் என்ற வேதிப்பொருள்கள் உண்டு, அவை குளோபஸ் பாலிடஸின் உட்பகுதிக்கும் சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் ரெட்டிகுலாட்டா பகுதிக்கும் நேராகப் போகின்றன. டி2 செல்களில் என்கெஃபலின் உண்டு. அவை பாலிடஸின் வெளிப்பகுதியோடு நின்றுகொள்ள, அங்கிருந்து சப்தாலமிக் நியூக்ளியஸ் வழியே செய்தி சுற்றிப் போகிறது. கடைசியில் இரண்டும் சேரும் இடம் ஒன்றே. அந்த இடத்துச் செல்கள் சும்மா இருக்கும்போதும் ஓயாமல் மின்துடிப்பு அனுப்பிக்கொண்டு தாலமஸை அடக்கி வைத்திருக்கும். நேர்வழி அந்த அடக்குகிறவனை அடக்கும், தாலமஸ் விடுபடும். சுற்றுவழி அடக்குகிறவனுக்குத் தெம்பு கொடுக்கும். டோபமைன் டி1 செல்களைத் தூண்டும், டி2 செல்களைத் தணிக்கும். ஆக, டோபமைன் இருந்தால் இரண்டு வழியிலும் அசைவுக்குச் சாதகம். அது வற்றினால் இரண்டு வழியிலும் பாதகம்.

இதை மனப்பாடம் செய்து ‘டி1 என்றால் போ, டி2 என்றால் நில்’ என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அதோடு நிற்காதீர்கள். 2010இல் சுண்டெலியின் டி2 செல்களை ஒளியால் தூண்டியபோது அது பார்க்கின்சன் நோயாளிபோல உறைந்தது உண்மை. ஆனால் 2013இல் இன்னொரு குழு, சுண்டெலி தானாக நகரத் தொடங்கும்போது பார்த்ததில் இரண்டு வகையும் சேர்ந்தே விழித்துக்கொண்டன. வேண்டிய அசைவை விடுவிக்கும்போதே வேண்டாதவற்றை அமுக்கவும் வேண்டியிருக்கிறது என்று பலர் இதை விளக்குகிறார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது. தவிர, டி1 செல்களின் இழைகளே வழியில் பாலிடஸின் வெளிப்பகுதிக்குக் கிளை விட்டுப் போகின்றன. அக்கும்பென்ஸில் டி1 செல் நேர்வழி, டி2 செல் சுற்றுவழி என்ற கணக்கும் ஒழுங்காக வராது. அதற்காக இந்தப் பிரிவு பொய் என்றும் சொல்ல முடியாது. ஹன்டிங்டன் நோயில் என்கெஃபலின் கொண்ட செல்கள் முதலில் அழிகின்றன. அப்போது நோயாளிக்குக் கட்டுப்பாடில்லாத துள்ளல் அசைவுகள் வருகின்றன. சுற்றுவழி போனால் என்ன ஆகும் என்பதை அந்த நோய் காட்டிவிடுகிறது.

நான்கு கூறு ஆயிற்று. ஐந்தாவதாக ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது, ஐயாவின் நடைக்கு அதுதான் வேண்டும். எந்த இடம் என்ன வேலை பார்க்கிறது என்ற வரைபடம் அது. ஏறக்குறைய முழுப் புறணியும் ஸ்ட்ரையேட்டத்துக்கு இழை அனுப்புகிறது. முன்பகுதிப் புறணி முன்னால், பின்பகுதிப் புறணி பின்னால் என்று 1970 வாக்கில் எளிமையாக நினைத்தார்கள். 1985இல் செலிமனும் கோல்ட்மன்-ராகிச்சும் குரங்கில் பார்த்தபோது, புறணியின் ஒரு பகுதி அனுப்பும் இழைகள் ஒரு புள்ளியில் முடியாமல், காடேட்டின் நீளவாக்கில் நெடும் பட்டையாக ஓடின. மறு வருடம் அலெக்ஸாண்டர், டிலாங், ஸ்ட்ரிக் மூவரும், புறணியிலிருந்து ஸ்ட்ரையேட்டம், பாலிடஸ், தாலமஸ் வழியாகத் திரும்பப் புறணிக்கே வரும் ஐந்து சுற்றுகளை முன்வைத்தார்கள். சுண்டெலியின் காடேட்டோபுட்டாமெனில், புறணி வரவை மட்டும் வைத்து 29 பகுதிகளை 2016இல் பிரித்துக் காட்டினார்கள். விவரம் எப்படியோ, பெரிய வரைபடம் இதுதான்: புட்டாமெனின் பின்பகுதி உடல் அசைவுக்கு, அங்கேயே காலுக்கு மேலே, முகத்துக்குக் கீழே, கைக்கு நடுவே என்று இடம் உண்டு. காடேட்டும் புட்டாமெனின் முன்பகுதியும் யோசித்துச் செய்வதற்கு. கீழ்ப்பகுதி ஆசைக்கும் ஊக்கத்துக்கும்.

1997இல் ஜப்பானில் குரங்குகளுக்குக் கையால் வரிசையாகப் பொத்தான் அழுத்தப் பழக்கினார்கள். ஸ்ட்ரையேட்டத்தின் முன்பகுதியைத் தற்காலிகமாக முடக்கினால் புதிய வரிசையைக் கற்பது தடுமாறியது. பின்பகுதியை முடக்கினால் நன்கு பழகிய வரிசை தடுமாறியது. எலியிலும் இதே போக்குத்தான்: மேல்-வெளிப் பகுதியைச் சிதைத்தால் பழக்கம் படியாமல் போகிறது. ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணக் குழம்பு ஊற்றுகிறவரைக் கவனித்தால் புரியும். கற்றுக்கொள்ள வந்த பையன் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துப் பார்த்து ஊற்றுவான். கைதேர்ந்தவர் உங்களோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே ஊற்றுவார், ஒரு சொட்டு கோட்டைத் தாண்டாது.

இனி ஐயா. பார்க்கின்சன் நோயில் ஸ்ட்ரையேட்டம் முழுவதும் சமமாக டோபமைனை இழப்பதில்லை. 1988இல் கிஷ் குழுவினர் அளந்து காட்டியபடி, மிக அதிகமாக வற்றுவது புட்டாமெனின் பின்பகுதி. காடேட் ஓரளவு தப்பிக்கிறது. அதாவது, யோசிக்காமல் கால் தானாக நடக்கும் பழக்கம் முதலில் போகிறது. பார்த்து, நினைத்து, இலக்கு வைத்து அடியெடுக்கும் திறன் ஓரளவு மிஞ்சி இருக்கிறது. நிலைப்படியில் கால் உறைவது இந்த நோயில் மருத்துவர்கள் நன்றாக அறிந்த ஒன்று. குறுகலான வாசலும் திரும்பும் இடமும்தான் அதைக் கிளப்பும். தரையில் குறுக்குக் கோடுகள் இருந்தால் பலருக்கு நடை எளிதாவதும் அதே போல அறிந்ததுதான். முகப்பில் பதித்த கற்களின் கட்டம் அவருக்கு ஒவ்வோர் அடிக்கும் ஓர் இலக்கு கொடுக்கிறது. அந்த நடையைக் கண்ணும் புறணியும் நடத்துகின்றன, பின் புட்டாமெனை அவ்வளவாக நம்ப வேண்டியதில்லை.

இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வளவில் அவர் நடக்கும் தடத்தில், நிலைப்படிக்கு முன்னும் பின்னும், தரையின் நிறத்திலிருந்து நன்றாக வேறுபடும் ஒட்டுநாடாவைக் குறுக்காக ஓரடி இடைவெளியில் ஒட்டிப் பாருங்கள். எல்லாருக்கும் உதவும் என்று சொல்ல முடியாது, உதவினால் பெரிய உதவி. உறைந்து நிற்கும்போது பின்னாலிருந்து ‘நடங்க, நடங்க’ என்று அவசரப்படுத்தவோ கையைப் பிடித்து இழுக்கவோ வேண்டாம், விழுந்துவிடுவார். நின்று, மூச்சு விட்டு, ‘ஒண்ணு, ரெண்டு’ என்று எண்ணிக்கொண்டு அந்தக் கோட்டைத் தாண்டச் சொல்லுங்கள். நம் வீட்டு நிலைப்படிகள் உயரம் வேறு. பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி போட்டுவிடுங்கள், பழைய தேக்கு நிலையில் ஆணி அடிப்பதா என்று வீட்டில் தயங்கினாலும்.

பூனைக்காலி வெறும் கதை இல்லை. அதன் விதையில் லெவோடோபா இருக்கிறது. 1937இலேயே சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைன் குறைவதுதான் இந்த நோய் என்று 1960இல் வியன்னாவில் கண்டுபிடிப்பதற்கு இருபது வருடத்துக்கு மேல் முன்னால் நடந்தது இது. ஆனால் ஐயாவுக்கு எழுதிக்கொடுத்திருக்கும் மாத்திரையிலும் பெரும்பாலும் அதே லெவோடோபாதான் இருக்கும், கூடவே அது மூளைக்குப் போய்ச் சேரும் முன் சிதையாமல் காக்கும் இன்னொரு மருந்தும். பொடியில் எவ்வளவு இருக்கிறது என்பது விதைக்கு விதை மாறும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு மீறி, கை கால் தானாக நெளிவது, இல்லாத ஆள் இருப்பதாகத் தெரிவது, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது எல்லாம் வரலாம். அதைவிட ஆபத்து, பொடியை நம்பி மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது. உடம்பு விறைத்துக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகிவிடும். டப்பாவை எடுத்துக்கொண்டு போய் நரம்பியல் மருத்துவரிடமே காட்டிக் கேளுங்கள். அதுவரை மாத்திரையை நேரம் தவறாமல், சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் கொடுங்கள். பருப்பு, கறி போன்ற புரதம் மிகுந்த சாப்பாட்டோடு சேர்ந்தால் மருந்து குடலிலிருந்து ஏறுவது குறையும். வெறும் வயிற்றில் குமட்டினால் ஒரு ரொட்டித் துண்டோ பிஸ்கட்டோ கூடக் கொடுக்கலாம்.